செவிக்குள் ஒரு சிறு கருவி: நடுச்செவி உட்பொருத்திகள் ஓர் ஒப்பீடு

இறைவன் நமக்கு அளித்த ஐம்பொறிகளுள் கண்ணுக்குக் கொடுக்கும் மதிப்பை நாம் காதுக்குக் கொடுப்பதில்லை. கண் சற்று மங்கினால் மறுவாரமே கண்ணாடிக் கடைக்குச் செல்கின்றோம். காது மந்தமானாலோ, "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பத்தாண்டுகள் வரை பொறுத்துக்கொள்கின்றோம். கண்ணாடி அணிந்தவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. காதில் கருவி அணிந்தவரைப் பார்த்து மட்டும் சிரிக்கின்றோம். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்திருக்கிறார் என்பதைத் தேர்வுக்குப் படிக்கும் நாம், வீட்டில் தாத்தாவுக்கு ஏன் கேட்கவில்லை என்று ஆராய்வதில்லை.

நம் பகுதியில் இந்த ஆராய்ச்சி மிகவும் தேவை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையை ஒட்டித் தோல் தொழில் பரவிக் கிடக்கின்றது. டேனரிகளில் பெரிய மர டிரம்கள் ஓயாமல் சுழல்கின்றன. சதை நீக்கும் இயந்திரமும், தோலைத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரமும் இரைகின்றன. ஷூ கம்பெனிகளில் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓட, பக்கத்தில் கம்ப்ரசரும் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரும் சேர்ந்துகொள்கின்றன. அங்கே வேலை செய்வோருள் பெருவாரியானோர் பெண்கள். நம்முள் பலருடைய அன்னையரும் அத்தையரும் அக்காமாரும்தாம்.

காது கேளாமைக்கு இன்று பல புதிய சிகிச்சைகள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று 'நடுச்செவி உட்பொருத்தி' என்பது. காதுக்குள்ளேயே, எலும்போடு சேர்த்து வைக்கப்படும் சிறு கருவி அது. அதில் எத்தனை வகை உண்டு, எது யாருக்கு ஏற்றது, எது யாருக்கு ஆகாது என்பதை இக்கட்டுரையில் காண்போம். தொடக்கத்திலேயே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், தோழியரே. 'எந்தக் கருவி சிறந்தது?' என்பது தவறான வினா. 'இந்தக் காதில் ஒலியின் வழி எந்த இடத்தில் தடைபட்டிருக்கிறது?' என்பதே சரியான வினா. இந்த வினாவுக்கு விடை கிடைத்துவிட்டால் கருவியைத் தெரிந்தெடுப்பது எளிது.

ஒலி செல்லும் வழி

காதை மூன்று அறைகள் கொண்ட ஒரு வீடாக எண்ணிக்கொள்வோம். முதலாவது வெளிச்செவி. காது மடலும் அதனுள் செல்லும் குழலும் இதில் அடங்கும். குழலின் கோடியில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு, மேளத்தில் போர்த்திய தோலைப்போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றது.

செவிப்பறைக்கு அப்பால் உள்ளது நடுச்செவி. காற்று நிறைந்த இச்சிறு அறையில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டுள்ளன. அங்கவடியே நம் உடலின் மிகச் சிறிய எலும்பு. அதன் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். செவிப்பறை அதிர்ந்தால் சுத்தி அசையும். சுத்தி பட்டடையை அசைக்கும். பட்டடை அங்கவடியைத் தள்ளும்.

மூன்றாவது உட்செவி. நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்லியா இங்கு உள்ளது. அதனுள் நீர் நிறைந்திருக்கின்றது. காற்றில் வரும் ஒலி நேராக நீரில் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கிணற்று நீரில் மூழ்கியிருக்கும்போது கரையில் இருப்பவர் கூப்பிடுவது சரியாகக் கேட்பதில்லை அல்லவா? அந்தக் குறையைப் போக்குவதற்கே நடுச்செவி அமைந்துள்ளது. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி பொருந்தும் சன்னலின் பரப்பைப்போல் ஏறக்குறைய 17 மடங்கு. பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதாலும், எலும்புகள் நெம்புகோல்போல் இயங்குவதாலும், ஒலியின் அழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காக உயர்ந்து உட்செவியைச் சேர்கின்றது.

காக்லியாவினுள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. நீரின் அசைவை மின் குறிப்புகளாக மாற்றிக் கேள்வி நரம்புக்குக் கொடுப்பவை இவையே. இவை ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. இதுவே இப்பாடத்தில் நாம் மறக்கக் கூடாத செய்தி.

வழி எங்கே தடைபடுகின்றது?

வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ தடை ஏற்பட்டால் அது 'கடத்தற் குறை' எனப்படும். காதழுக்கு அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, சீழால் அரிக்கப்பட்ட எலும்புகள், அங்கவடி இறுகிப்போதல், பிறவியிலேயே காதுக் குழல் மூடியிருத்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள். இங்கே உட்செவி நன்றாகவே இருக்கின்றது. ஒலிதான் அங்கே போய்ச் சேரவில்லை.

மயிர்ச் செல்களோ நரம்போ பழுதுபட்டால் அது 'உட்செவிக் குறை'. முதுமை, பேரிரைச்சல், சில மருந்துகள், மூளைக்காய்ச்சல், பிறவிக் குறை ஆகியவற்றால் இது வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் 'கலப்புக் குறை' என்பர்.

இவ்விரண்டு குறைகளும் நம் மாவட்டங்களுக்குப் புதியவை அல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து, 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 12 குழந்தைகளுக்குக் கேள்விக் குறை இருந்தது. நடுச்செவி அழற்சியும் காதழுக்கும் அக்குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்பட்டன. வகுப்பில் 'கவனமில்லாதவள்' என்று பெயர் வாங்கும் சிறுமிக்கு உண்மையில் காது கேட்காமல் இருக்கலாம் என்பதை இதனால் அறிகின்றோம்.

இரைச்சலால் வரும் குறை வேறு விதமானது. இரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றால், அங்கே இரைச்சல் ஏறத்தாழ 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய இடத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம் பல ஆண்டுகள் இருந்தால் மயிர்ச் செல்கள் அழியத் தொடங்கும். முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய செல்களே அழிகின்றன. இதன் விளைவு வியப்பானது. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மட்டும் மறைந்துவிடும். 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் ஒன்றுபோல் தோன்றும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. இது தெரியாமல் வீட்டார், "அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும்" என்று குறை சொல்வர். மெல்லிய குரலில் பேசும் பேத்தியின் பேச்சே முதலில் புரியாமற் போகின்றது. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டங்களின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் இக்கேளாமைக்கும் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

குறையை அளப்பது எப்படி?

ஒலி புகாத சிறு அறையில் அமர்த்தி, காதில் ஒலிகளைச் செலுத்தி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று குறித்து வரையும் படமே ஆடியோகிராம். காற்றின் வழியாகவும், காதின் பின்னுள்ள எலும்பின் வழியாகவும் இருமுறை சோதிப்பார்கள். எலும்பு வழி நன்றாகக் கேட்டு, காற்று வழி கேட்காவிட்டால் குறை நடுச்செவியிலோ வெளிச்செவியிலோ உள்ளது. இரண்டிலும் ஒருபோலக் கேட்காவிட்டால் குறை உட்செவியில் உள்ளது. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகிய சோதனை!

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 20 டெசிபலுக்குள் கேட்பவர் இயல்பானவர். 35 முதல் 50 வரை நடுத்தரக் குறை, 50 முதல் 65 வரை மிகு நடுத்தரக் குறை, 65 முதல் 80 வரை கடுங்குறை, 80-க்கு மேல் மிகக் கடுங்குறை. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைவில் கொண்டால் இவ்வெண்களின் பொருள் விளங்கும். உலகில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேள்விக் குறை உள்ளதென அதே அறிக்கை கூறுகின்றது.

முதற்படி: சாதாரணக் காதுக் கருவி

உட்பொருத்தியைப் பற்றிப் பேசுமுன் சாதாரணக் கருவியைப் பற்றி அறிய வேண்டும். மக்கள் 'காது மெஷின்' என்பது இதைத்தான். இது ஒலியை வாங்கி, பெருக்கி, காதுக் குழலுக்குள் மீண்டும் ஒலியாகவே விடுகின்றது. பெரும்பாலோர்க்கு இதுவே போதும். அறுவை இல்லை, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம்.

ஆனால் சிலருக்கு இது பயன்படுவதில்லை. காதில் ஓயாமல் சீழ் வடிபவர் குழலை அடைக்கும் அச்சை வைத்தால் சீழ் மேலும் பெருகும். வெப்பமும் ஈரமும் நிறைந்த இடத்தில் வேலை செய்வோர் சிலருக்குக் குழலின் தோல் அடிக்கடி புண்ணாகும். குழலே இல்லாமல் பிறந்தவருக்கு அச்சு வைக்க இடமில்லை. கடுங்குறை உள்ளவர்க்கு ஒலியை மிகவும் பெருக்கும்போது கருவி 'கீ' என்று விசிலடிக்கும். இவர்களுக்காகவே நடுச்செவி உட்பொருத்தி தோன்றியது. சாதாரணக் கருவி காற்றை அதிரச் செய்கின்றது. உட்பொருத்தி எலும்பையே அதிரச் செய்கின்றது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

உட்பொருத்திகள் பிறந்த கதை

1984-இல் ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழக மருத்துவர் யானகிஹாராவும் உடன் பணியாற்றியோரும், மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் ஒருவகைப் பீங்கான் துண்டை அங்கவடியோடு இணைத்து நோயாளிகளைக் கேட்கச் செய்தனர். மனிதரிடம் பயன்பட்ட முதல் நடுச்செவி உட்பொருத்திகளுள் இதுவும் ஒன்று.

அடுத்து வந்தவர் அமெரிக்கரான ஜெஃப்ரி பால். குழந்தைப் பருவத்திலேயே கேள்விக் குறைக்கு ஆளானவர் அவர். தமக்கு அணிவித்த கருவிகளில் மனநிறைவின்றி, தாமே ஒன்றை அமைக்கப் புறப்பட்டார். கலிபோர்னியாவில் சிம்ஃபோனிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 'வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ்' என்னும் கருவியை உருவாக்கினார். 1996-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. பிற்பாடு பால் தம் இரு செவிகளிலும் தம் கருவியையே பொருத்திக்கொண்டார். காது கேளாத சிறுவனைப் பார்த்து இனிச் சிரிக்க வேண்டாம் என்னும் பொருள்படத் தம் வரலாற்று நூலுக்குத் தலைப்பிட்டார். சிரித்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் கருவியாகவும் நூலாகவும் அமைந்தது.

நான்கு கருவிகள்

முதலாவது, மேற்கூறிய வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ். இது பாதி வெளியிலும் பாதி உள்ளேயும் இருப்பது. தலைமுடிக்கு அடியில், காதுக்குப் பின்னே, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வில்லை ஒலியை வாங்குகின்றது. தோலுக்கு அடியிலுள்ள பகுதி அதைப் பெற்று மெல்லிய கம்பி வழியே நடுச்செவிக்கு அனுப்புகின்றது. அங்கே ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிகிராம் எடையும் உள்ள அதிர்வி பட்டடை எலும்பில் மாட்டப்பட்டிருக்கும். கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தம் முன்னும் பின்னும் அசைவதால் எலும்பு அதிர்கின்றது. எலும்புச் சங்கிலி அறுக்கப்படுவதில்லை. இத்தாலியின் வெரோனா நகரில் கொலெட்டி என்னும் மருத்துவர், எலும்புகளே அழிந்துபோனவர்களுக்கு இவ்வதிர்வியைக் காக்லியாவின் வட்டச் சன்னலிலேயே வைத்து வெற்றி கண்டார். அதன்பின் கடத்தற் குறையும் கலப்புக் குறையும் உள்ளோர்க்கும் இது பயன்படலாயிற்று.

இரண்டாவது, 'எஸ்டீம்'. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து என்வாய் நிறுவனம் செய்தது. 2010-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இது முழுவதும் உள்ளேயே இருப்பது. வெளியில் ஒன்றும் தெரியாது. இதற்குத் தனி ஒலிவாங்கி இல்லை, செவிப்பறையே ஒலிவாங்கி! பட்டடை எலும்பின் அதிர்வை ஓர் உணரி அறிந்து, காதுக்குப் பின்னே தோலுக்கடியில் உள்ள பெட்டிக்கு அனுப்ப, பெட்டி அதைப் பெருக்கி அங்கவடியை அதிரச் செய்கின்றது. ஆனால் பெருக்கிய அதிர்வு திரும்பி வந்து விசிலடிக்காமல் இருக்க, பட்டடை எலும்பின் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். இயற்கையான சங்கிலி அறுந்துவிடுகின்றது. கருவி நின்றுபோனால் முன்பு கேட்ட அளவுகூடக் கேட்காது. பாட்டரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீரும். அதை மாற்ற மீண்டும் ஒரு சிறு அறுவை தேவை. உட்செவிக் குறையுள்ள வயதுவந்தோர்க்கே இது உரியது. நடுச்செவி நோயற்றிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, 'காரினா'. கொலராடோவின் ஒடோலாஜிக்ஸ் நிறுவனம் செய்தது. இதுவும் முழுவதும் உள்ளே இருப்பதுதான். ஒலிவாங்கி தோலுக்கடியில் இருக்கும். பாட்டரியைத் தோலின்மேல் சுருள் வைத்து மின்னேற்றிக்கொள்ளலாம். எலும்பை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் ஒலிவாங்கி, மெல்லும் ஓசையையும் தலைமுடி உரசும் ஓசையையும் வாங்கிப் பெருக்கிவிடும். பின்னர் இக்கருவி ஆஸ்திரேலியாவின் காக்லியர் நிறுவனத்திடம் சென்றது. அதன்பின் உற்பத்தி நின்றுவிட்டது.

நான்காவது, 'மாக்சம்'. அங்கவடியின் இணைப்பில் ஒரு சிறு காந்தம் மட்டும் வைக்கப்படும். காதுக் குழலுக்குள் அணியும் கருவியில் உள்ள சுருள் அந்தக் காந்தத்தை அதிரச் செய்யும். உள்ளே வைப்பது மிகச் சிறிதாகையால் அறுவை எளிது. ஆனால் குழலுக்குள் ஒன்றை அணிந்தே ஆகவேண்டும். ஆதலால் சீழ் வடியும் காதுக்கும் குழலற்ற காதுக்கும் இது உதவாது.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

தோற்றத்தை மட்டும் பார்த்தால் முழுவதும் மறைந்திருக்கும் கருவியே வெல்லும். குளிக்கலாம், உறங்கலாம், யாருக்கும் தெரியாது. நம் ஊரில், குறிப்பாகத் திருமண வயதுப் பெண்ணின் வீட்டார்க்கு இது பெரிய கவர்ச்சி. ஆனால் மறைவதற்குக் கொடுக்கும் விலை யாது? எஸ்டீமில் ஓர் எலும்புத் துண்டையும் பிறகு பாட்டரிக்கான அறுவையையும் கொடுக்கின்றோம். காரினாவில் ஒலியின் தெளிவைக் கொடுத்தார்கள்.

வெளியில் வில்லை தெரியும் சவுண்ட்பிரிட்ஜில் பாட்டரியை வீட்டிலேயே மாற்றலாம். புதிய வில்லை வந்தால் அறுவையின்றி அதை மாற்றிக்கொள்ளலாம். குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்ற வேண்டும். தோல் பதனிடும் இடத்து ஈரத்திலிருந்து காக்க வேண்டும். கடத்தற் குறை, உட்செவிக் குறை, கலப்புக் குறை மூன்றுக்கும் பயன்படும் நெகிழ்ச்சி இதற்கு உண்டு. ஆயினும் உட்செவி மிக மோசமாகிவிட்டால் இதுவும் உதவாது.

எம்.ஆர்.ஐ. சோதனையையும் எண்ண வேண்டும். காந்தம் உள்ள எக்கருவியும் அந்த இயந்திரத்தின் வலிய காந்தப் புலத்தில் ஆபத்தாகலாம். சவுண்ட்பிரிட்ஜின் பழைய வகை அதற்கு ஏற்றதன்று. 2014-க்குப் பின் வந்த வகை 1.5 டெஸ்லா வரை நிபந்தனையுடன் ஏற்றது.

இன்னொன்றும் உண்டு. சிம்ஃபோனிக்ஸ் நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு ஆஸ்திரியாவின் மெட்-எல் நிறுவனம் அக்கருவியை ஏற்று நடத்தியதால் அணிந்திருந்தோர் பிழைத்தனர். ஒடோலாஜிக்ஸும் நிலைக்கவில்லை. வீட்டில் மிக்சி கம்பெனி மூடிவிட்டால் வேறு மிக்சி வாங்கலாம். தலைக்குள் இருக்கும் கருவியை அவ்வாறு மாற்ற இயலாது. ஆதலால் கருவியை மட்டுமன்றி, அதைச் செய்பவர் நிலைத்திருப்பாரா, உதிரிப்பாகம் நம் நாட்டில் கிடைக்குமா என்பதையும் ஒப்பிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கருவிகள்

நடுச்செவி உட்பொருத்தியோடு மக்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு உண்டு. ஒன்று எலும்பு வழிக் கருவி. 1977-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தொடங்கியது. காதின் பின்னெலும்பில் டைட்டானியத் திருகை இறுக்கி, மண்டை ஓட்டின் வழியே நேராக உட்செவிக்கு ஒலியை அனுப்புவது இது. 2012-இல் வந்த 'போன்பிரிட்ஜ்' தோலுக்கடியில் மறைந்திருக்கும் வகை. குழலற்ற காதுக்கும் சீழ்க்காதுக்கும் இவை நல்ல துணை.

மற்றொன்று காக்லியர் இம்ப்ளான்ட். இது எலும்பை அதிரச் செய்வதில்லை. மயிர்ச் செல்களுக்குப் பதிலாகத் தானே நரம்புக்கு மின் குறிப்பைக் கொடுக்கின்றது. மிகக் கடுங்குறை உள்ளவர்க்கு உரியது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மிக இளமையில் பொருத்தினால் பேச்சும் வரும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது செய்யப்படுகின்றது.

நான்கு காதுகள், நான்கு வழிகள்

எடுத்துக்காட்டாக நான்கு பேரை எண்ணிக்கொள்வோம். ஒருவர் முப்பதாண்டு டேனரியில் உழைத்த தாத்தா. அவருக்கு உட்செவிக் குறை; மேல் அதிர்வெண்கள் மட்டும் போயிருக்கின்றன. குழலை முழுதும் அடைக்காத சாதாரணக் கருவியே அவருக்கு முதல் மருந்து. அதைச் சில மாதம் முறையாக அணிந்தும் பயனில்லை, அல்லது குழல் புண்ணாகிறது என்றால்தான் உட்பொருத்தியைப் பற்றி எண்ண வேண்டும்.

இரண்டாமவர் சிறு வயதுமுதல் காதில் சீழ் வடியும் அத்தை. முதலில் சீழை நிறுத்தி, செவிப்பறையை ஒட்டும் அறுவை செய்ய வேண்டும். பலருக்கு அத்தோடு கேள்வி திரும்பிவிடும். எலும்புகள் அழிந்து, அறுவைகள் செய்தும் பயனில்லாதபோது வட்டச் சன்னலில் வைக்கும் சவுண்ட்பிரிட்ஜோ எலும்பு வழிக் கருவியோ கை கொடுக்கும். நடுச்செவி உட்பொருத்தியின் அருமை தெரிவது இத்தகைய காதில்தான்.

மூன்றாவது, ஒரு பக்கம் காதுக் குழலின்றிப் பிறந்த சிறுமி. உட்செவி நன்றாக இருக்குமாயின் எலும்பு வழிக் கருவியோ சவுண்ட்பிரிட்ஜோ பொருந்தும். நான்காவது, கைதட்டினாலும் திரும்பாத கைக்குழந்தை. இதற்குத் தேவை விரைவான சோதனை. பிறகு கருவி, வேண்டுமாயின் காக்லியர் இம்ப்ளான்ட். இங்கே ஒவ்வொரு மாதத் தாமதமும் குழந்தையின் பேச்சைக் குறைக்கும்.

நால்வருக்கும் ஒரே விளம்பரத்தைக் காட்டி ஒரே கருவியை விற்க முனைவது எவ்வளவு தவறு என்று பாருங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

உட்பொருத்தியும் அறுவையும் சேர்ந்து பல இலட்சம் ரூபாய் ஆகும். நகையை அடகு வைத்துச் செய்யும் செலவு அது. ஆதலால் வீட்டில் படித்த பெண்ணாகிய நீங்கள், பெரியவரோடு மருத்துவமனைக்குச் செல்லும்போது இவ்வினாக்களைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

1. குறை எந்த இடத்தில் உள்ளது? ஆடியோகிராமை எங்களுக்கு விளக்குவீர்களா?

2. சாதாரணக் கருவியை முறையாக அணிந்து பார்த்தாயிற்றா?

3. காது உலர்ந்திருக்கிறதா? முதலில் வேறு அறுவை வேண்டுமா?

4. எந்த எலும்பைத் தொடுவீர்கள்? பின்னர் கருவியை எடுத்துவிட்டால் பழைய கேள்வி மிஞ்சுமா?

5. பாட்டரியை யார், எப்போது, எவ்வளவு செலவில் மாற்றுவது?

6. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

7. கருவி பழுதானால் வேலூரிலோ சென்னையிலோ சரிசெய்ய ஆள் உண்டா?

1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு அருகிலேயே உள்ளன. காதுச் சோதனைக்குப் பெரும் பணம் தேவையில்லை. சாதாரணக் கருவியை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகத் தகுதியுள்ளோர் இலவசமாகவே பெறலாம். ஷூ கம்பெனியில் பணிபுரிவோர் தங்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் மறக்க வேண்டாம்.

வருமுன் காத்தல்

இத்தனை கருவிகளையும் படித்தபின் ஒன்று தெளிவாகின்றது. எந்தக் கருவியும் இறைவன் வைத்த மயிர்ச் செல்லுக்கு ஈடாகாது. இரைச்சலில் பணிபுரிவோர் காதடைப்பான் அணிய வேண்டும். பஞ்சை உருட்டி வைப்பது போதாது. காதில் கொண்டை ஊசியையும் தீக்குச்சியையும் விடக் கூடாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றக் கூடாது. குழந்தையின் காதில் சீழ் கண்டால் 'தானே நின்றுவிடும்' என்று விடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செவிபேசியில் பாட்டுக் கேட்கும் தோழியரும் ஒலியைக் குறைத்துக்கொள்வது நலம்.

கருவி கிடைக்கும்வரையும், கிடைத்த பின்னும், கேளாதவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத ஒருவரை ஆண்டவர் இயேசுவிடம் கொண்டு வருகின்றார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்ற பிறகே குணமாக்குகின்றார். காதியல் நிபுணர் இன்று கூறும் முதல் அறிவுரையும் இதுதான்: இரைச்சலிலிருந்து விலகி, எதிரே வந்து, முகம் தெரிய நின்று, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். அறைக்கு அப்பாலிருந்து கூவிவிட்டு, "எத்தனை தரம் சொல்வது?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

தோழியரே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, காது மந்தமான பெரியவர் அருகில் அமர்ந்து பேசிப் பாருங்கள். பிறகு அவரைக் காதுச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கருவி என்பதை அந்தச் சோதனை சொல்லும்.